மைனஸ் 5, பிளஸ் 10: வெட்டலாமா, விட்டுவிடலாமா?

பகடைப்பித்தன்: எங்கள் மேசையில் ஓடுவது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஃபைட்டர் (போர்வீரன்) பாத்திரம் ஆடுபவர் 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' என்ற சிறப்புத் திறனை எடுத்திருக்கிறார். தாக்கும் உருட்டலில் (20 முகப் பகடை) 5 கழித்துக்கொண்டு, பட்டால் டேமேஜில் 10 கூட்டலாம். ஓகர் என்ற அரக்கன் மாதிரி ஏசி (கவச எண்; உருட்டல் இதைத் தொட்டால்தான் அடி படும்) 11 உள்ளது எதிரே வந்தால், இரண்டு சுற்றில் அதன் 59 ஹிட் பாயிண்ட்டில் (உயிர்ப் புள்ளியில்) ஐம்பது வரை காலி. வாளும் கேடயமுமாக நிற்கும் பாலடின் (புனித வீரன்) வேடிக்கை பார்க்கிறார். அதனால் எங்கள் மேசைக்கு மட்டுமான ஒரு ஹவுஸ் ரூல் யோசித்தேன்: புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சிப் புள்ளி) அளவு கழித்து, அதன் இரட்டிப்பைக் கூட்டுவது. ஐந்தாம் லெவலில் மைனஸ் 3, பிளஸ் 6. என்ன சொல்கிறீர்கள்?

கேடயக்காரி: கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18 (மாடிஃபையர் பிளஸ் 4), தாக்க பிளஸ் 7, கையில் கிரேட்ஸ்வோர்ட் (இரு கை வாள்). கிரிட்டிக்கலை (20 விழுந்தால் வரும் கூடுதல் அடியை) விட்டுவிடுவோம். ஏசி 15க்கு எதிராகச் சாதாரண வெட்டு 65 சதவீதம் படும், பட்டால் சராசரி டேமேஜ் 11, ஆக வீச்சுக்கு 7.15. பழைய விதியில் 40 சதவீதம், 21, அதாவது 8.4. உங்கள் விதியில் 50 சதவீதம், 17, அதாவது 8.5. குறைக்கிறேன் என்று சொல்லி ஏற்றி வைத்திருக்கிறீர்கள்!

ஏசி 18 என்றால் இன்னும் மோசம். சாதாரணம் 5.5, பழைய விதி 5.25, உங்களுடையது 5.95. முன்பு கனமான கவசக்காரன் வந்தால் ஃபைட்டர் கொஞ்சம் யோசிப்பார். இனி அதுவும் தேவையில்லை.

பகடைப்பித்தன்: அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கும்போது பாருங்கள். விசார்டின் (மந்திரவாதியின்) ஆந்தை வந்து உதவினால் முதல் வெட்டு இரண்டு பகடை. ஏசி 15க்கு பழையது 13.44, என்னுடையது 12.75. உச்சம் இறங்குகிறதே.

கேடயக்காரி: முக்கால் புள்ளிகூட இல்லை, அதற்கு ஒரு விதியா? பாலடினுக்கு வேலை இல்லை என்பதுதானே உங்கள் குறை. பிளேட் கவசம் போட்டால் ஏசி 18, கேடயத்தோடு 20. ஓகர் அடிப்பது 45இலிருந்து 35 சதவீதமாகிறது. ஆனால் கேடயம் இல்லாத ஃபைட்டரை ஓகர் எப்போதாவது குறிவைக்கிறதா? அது உங்கள் கையில்தான் இருக்கிறது, எதிரிகளை ஆட்டுவிக்கும் டிஎம் அவர்களே.

பழையபகடை: 3.5 பதிப்பில் 'பவர் அட்டாக்' இருந்தது. எவ்வளவு கழிப்பது என்று ஆடுபவரே ஒவ்வொரு முறையும் முடிவு செய்வார், இரண்டு கையால் பிடித்தால் கழித்ததற்கு இரட்டிப்பு. அவர் மனக்கணக்கு முடிக்கும்வரை மேசையே கொட்டாவி விடும். பித்தன் சொல்வது அதன் பேரன்தான். 2024 விதிகளில் கழித்தலையே தூக்கிவிட்டார்கள். கன ஆயுதத்துக்கு புரொஃபிஷியன்சி போனஸ் மட்டும் டேமேஜில் கூடும். கிரேட்ஸ்வோர்டுக்கு 'கிரேஸ்' வேறு: தவறினாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் அளவுக்கு அடி விழும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேடயக்காரி: அதே ஃபைட்டர், அதே ஏசி 15: பட்டால் 14, தவறினால் 4. சராசரி 10.5 வருகிறது அண்ணா. 8.4ஐக் குறைக்க இதுவா வழி? தவறினாலும் அடி என்றால் பகடையை எதற்கு உருட்டுவது?

பழையபகடை: எண் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாங்ஸ்வோர்டுக்கு 'சாப்' வருகிறது அம்மா. பாலடின் வெட்டு பட்டால், எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் தாழ்ந்ததுதான் எடுபடும்). ஓகருக்குச் சுற்றுக்கு ஒரே அடி. ஃபைட்டர்மேல் அது படும் வாய்ப்பு 45இலிருந்து 20 சதவீதமாகிறது. பாலடினுக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்?

வில்லம்பு: எல்லோரும் வாளையே பிடித்துத் தொங்குகிறீர்கள். வில்லுக்கான 'ஷார்ப்ஷூட்டர்' என்ற திறனிலும் அதே 5, அதே 10. 'ஆர்ச்சரி' என்ற சண்டை ஸ்டைல் தாக்கும் உருட்டலுக்குப் பிளஸ் 2 தருவதால் நிகர இழப்பு 3தான். அதுவும் ஓகரின் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றபடி. வாளின் பலத்தை மட்டும் வெட்டினால் எல்லோரும் வில்லைத் தூக்குவார்கள்.

பகடைப்பித்தன்: சரி, இப்படி வைக்கிறேன். 5, 10 அப்படியே இருக்கட்டும். ஆனால் அட்வான்டேஜ் உள்ள உருட்டலில் அதைப் பயன்படுத்தக் கூடாது, வில்லுக்கும் இதே தடை. பாலடினுக்கு 'சாப்' கொடுத்துவிடுகிறேன்.

கேடயக்காரி: 'சாப்' சரி. தடை வேண்டாம். பார்பேரியன் (முரட்டு வீரன்) 'ரெக்லெஸ் அட்டாக்' (கண்மூடித்தனமான தாக்குதல்) செய்யும்போது, எதிரிக்கும் தன்மேல் அட்வான்டேஜ் கொடுத்துத்தான் தன் அட்வான்டேஜை வாங்குகிறார். காசு கொடுத்தவர் கையிலிருந்து சரக்கைப் பிடுங்குவீர்களா?

பகடைப்பித்தன்: எங்கள் மேசையில் பார்பேரியனே கிடையாது.