பொருள்: தண்ணீர் நிற்கும் கால அளவுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள்)

ச.மு.: அன்பர்களே, ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் ஈரநிலம் பற்றிய பள்ளிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். 'ஹைட்ரோபீரியட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆண்டில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பது பொருள். ஆழமோ கொள்ளளவோ அல்ல. வெள்ளிக்கிழமை அச்சு.

இரா.கோ.: "அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை" இருக்க வேறெங்கே தேடுவது? அறுநீர்க்காலம். நீர் வற்றினால் பறவை போகும், கொட்டி, ஆம்பல் போன்ற நீர்ச்செடிகள் குளத்தோடே ஒட்டிக் கிடக்கும் என்று ஔவை அன்றே பிரித்துக் காட்டிவிட்டாள். அறு, அறுதி, அறுவடை, அறுவை, எல்லாம் ஒரே வேர்...

வி.: ஐயா, அறுநீர் வற்றுகிற நீர். நிற்கும் காலத்துக்குப் பெயர் கேட்டால் நிற்காத காலத்துக்கு வைக்கிறீர்கள். என் வகுப்பில் "ஆறு தண்ணியா சார்?" என்பார்கள்.

தே.: நல் + நீர் நன்னீர் எனில் நில் + நீர் நின்னீர். நின்னீர்க்காலம்.

வி.: 'உன் தண்ணீர்க் காலம்'. நன்றி.

பா.: நீர்த்தேக்கக் காலம்?

ச.மு.: தேக்கம் என்றாலே அணை நினைவு வரும். தண்ணீர் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். ஏரியை மீட்கிறோம் என்று கிண்ணம்போலத் தோண்டினால் கரையோரத்து ஆழமற்ற பரப்பு போய்விடும். ஆழமற்ற நீரில் நின்று இரைதேடும் உள்ளான் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. கோடையிலும் வற்றாவிட்டால் மீன் தங்கித் தலைப்பிரட்டைகளைத் தின்னும். சீக்கிரமே வற்றினாலோ அவை தவளையாகுமுன் சாகும். கையேடு சொல்ல வருவதே இதுதான்.

செ.: விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி ஈரநிலத்துப் பக்கம் "எத்தினி மாசம் தண்ணி நிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். 'நீர் நிற்கும் காலம்' போதாதா?

இரா.கோ.: அது கழிவெளி. உப்பங்கழியின் கழி. 'கழு' பிற்காலத் திரிபு என்பது என் எண்ணம்.

தே.: கழுவுதலிலிருந்து வந்ததென்றும் கொள்ளலாமே?

ச.மு.: அதற்குத் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1982இல் பரத்பூரில் எருமை மேய்ச்சலைத் தடுத்தபின் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிய கதையும் கையேட்டில் வருகிறது. அதற்கு 'மண்டுதல்' போதும். யாரும் புதுச்சொல் தர வேண்டாம். செ. சொன்னதையே அனுப்புகிறேன்.

வி.: ஆதரவு.

பா.: சரி, இருக்கட்டும்.

இரா.கோ.: அனுப்புங்கள். 'குறுகிய நீர் நிற்கும் கால ஈரநிலம்' என்று தலைப்பு எழுதும்போது குறுகியது நீரா, காலமா, நிலமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'குற்றறுநீர் நிலம்' (குறு + அறுநீர்) என்றால் அந்தக் குழப்பமில்லை.