ரயர் கடைக் கொம்பிறசரால கொம்பியூட்டருக்குக் காத்து அடிக்கலாமோ?

செம்பாட்டான்:

வணக்கம். வீட்டில டெஸ்க்ரொப் ஒண்டு, இன்ரெல் ஐ5 நாலாம் தலைமுறை. புறொசெசருக்கு மேல இருக்கிறது அதோட சேந்து வந்த வட்ட ஃபான்தான். தனியாக் கிராபிக்ஸ் காட் ஒண்டும் பூட்டியிருக்கு. வீடு யாழ்ப்பாணத்தில கோண்டாவில், பக்கத்தில தோட்டக் காணி. சோளகக் காத்து தொடங்கினதில இருந்து பெட்டி இரையிற சத்தம் விறாந்தை வரைக்கும் கேக்குது. சும்மா இருக்கேக்கயே 62 பாகை காட்டுது. வீடியோ எடிற் பண்ணத் தொடங்கினா 98, 99க்கு ஏறி வேலை இழுபடுது, மத்தியானத்தில சில நேரம் தானா நிண்டுபோகுது. பக்கத் தகட்டைக் கழட்டிப் பாத்தா உள்ளுக்கு எல்லாம் செம்மண் நிறம்.

சந்தி ரயர் கடைக்குக் கொண்டுபோய் ஒருக்கா அடிப்பிச்சா முடிஞ்சிடும் எண்டு தம்பி நிக்கிறான். வக்கியூம் கிளீனரால இழுக்கலாம் எண்டும் சொல்லினம். செம்மண்ணில இரும்பு இருக்கு, ஷோர்ட் ஆகும் எண்டு வேற ஒரு கதை. எது சரி? எந்தளவுக்குக் கழட்ட வேணும்?

மின்குமிழ்:

ரயர் கடை வேண்டாம். அங்க தாங்கியில நிக்கிற காத்து பொதுவா 100 பிஎஸ்ஐக்கு மேல. காத்தை அமத்தேக்க அதில இருக்கிற ஈரம் தண்ணியாகித் தாங்கியின்ர அடியில நிக்கும், கொம்பிறசர் எண்ணெயும் கொஞ்சம் கலக்கும். ரயருக்குள்ள போனா ஒண்டுமில்லை. மதர்போட்டில பட்டா தூசி சேறாகி, சிப்புகளின்ர காலுக்கு இடையிலயும் றாம் பூட்டிற பள்ளத்துக்குள்ளயும் போய்க் குந்தியிடும். அந்த வேகத்துக்கு ஃபான் இறகும் உடையும். கட்டாயம் கொம்பிறசர்தான் எண்டா, தாங்கித் தண்ணியைத் திறந்து விட்டிட்டு, அமுக்கத்தை 30 பிஎஸ்ஐக்குக் கீழ இறக்கி, முதல்ல ஒரு வெள்ளைத் தாளில பத்துச் செக்கன் அடிச்சுப் பாருங்கோ. தாளில ஈரப் பொட்டோ எண்ணெய்ப் பொட்டோ விழுந்தா அந்தக் காத்து உதவாது.

வக்கியூம் கிளீனரில பயம் வேற. பிளாஸ்ரிக் வாய்க்குள்ளால காய்ஞ்ச தூசி ஓடேக்க நிலைமின் ஏறும், வாய் மதர்போட்டில முட்டினா அது சிப்புக்குள்ள இறங்கும். பெட்டிக்கு வெளியில பிடிச்சு, பிறஷ்ஷால தட்டிற தூசியை இழுக்க மட்டும் பாவிக்கலாம்.

இரும்புக் கதைக்கு வாறன். செம்மண்ணின்ர நிறம் இரும்பு ஒட்சைட்டால வாறது. அது இரும்புத் தூள் மாதிரி மின்னைக் கடத்தாது. காய்ஞ்ச தூசியால ஷோர்ட் வாறது அரிது, அது போர்வை மாதிரிச் சூட்டை மூடிப் பிடிக்குது, அவ்வளவுதான். மாரியில அதே தூசி ஈரத்தை இழுத்து வைச்சிருந்தாத்தான் மின் ஒழுகும். அதால ஐப்பசி மழைக்கு முதல் துப்பரவாக்கிறது நல்லம்.

உங்களுக்குத் தேவை: ஹாட்வெயார் கடையில விக்கிற, வேகம் கூட்டிக் குறைக்கிற கை புளோவர் ஒண்டு, ஒரு அங்குலப் பெயின்ற் பிறஷ் ஒண்டு (மயிர்ப் பிறஷ், நைலோன் எண்டா உரசேக்க நிலைமின் வரும்), ஸ்ரார் ஸ்குறூட்றைவர் ஒண்டு. டப்பாவில வாற காத்து வாங்கினா நிமித்திப் பிடிச்சுத்தான் அடிக்க வேணும். சரிச்சா உள்ளுக்கு இருக்கிற திரவம் அப்பிடியே பாயும், பட்ட இடம் உறைஞ்சு வேர்க்கும். அந்த வாயுவில தீப்பிடிக்கிற வகையும் இருக்கு, அடிச்ச கையோட கரண்டைப் போடாதேங்கோ.

சரியா நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டுங்கோ. யூபிஎஸ்ஸில பூட்டியிருந்தா சுவர்ச் சுவிச்சை நிப்பாட்டிறது காணாது. யூபிஎஸ் தன்ர பற்றறியில இருந்து 230 வோல்ற்றைக் குடுத்துக்கொண்டுதான் நிக்கும். பெட்டிக்குப் பின்னால இருக்கிற வயரையே இழுத்தெடுக்க வேணும். மொனிற்றர் வயர், நெற்வேக் வயர் எல்லாம் கழட்டினாப் பிறகு பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடியுங்கோ. பிறகு விறாந்தைக்குக் கொண்டுபோய், காத்து உங்கட முதுகுப் பக்கத்தால வாற மாதிரி வையுங்கோ. மூக்குக்கு மாஸ்க் போடுங்கோ. பெயின்ற் இல்லாத தகட்டில கையை வைச்சிட்டுத்தான் உள்ளுக்குத் தொட வேணும், வேலைக்கு இடையிலயும் அடிக்கடி தொடுங்கோ.

ஃபானுக்குக் காத்து அடிக்கேக்க இறகை விரலால பிடியுங்கோ. சுத்த விட்டா தன்ர அளவை விட வேகமாச் சுத்திப் பெயறிங் தேயும், ஃபான் மோட்டர் திரும்ப மின்னைப் பிறப்பிச்சு போட்டுக்கு அனுப்பவும் பாக்கும். முதல் பிறஷ், பிறகு புளோவர், மேலயிருந்து கீழ, ஒரு சாண் தூரத்தில. கிராபிக்ஸ் காட்டைக் கழட்டி வெளியில வைச்சு அடிச்சா வடிவா வரும். ஆனா காட் பூட்டிற பள்ளத்தின்ர, அதுதான் சிலொட்டின்ர முனையில இருக்கிற சின்னக் கொக்கியை அமத்தாமல் இழுத்தா சிலொட் உடையும், காட்டுக்குத் தனி பவர் வயர் இருந்தா அதையும் முதல்ல எடுங்கோ.

பவர் சப்ளையின்ர பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ற்றை நேர்மின்னாக்கினா உச்சம் 325 வோல்ற், சில வகையில 380க்குக் கிட்டப் போகும். பிளக்கைக் கழட்டினாப் பிறகும் உள்ளுக்கு இருக்கிற கப்பாசிற்றரில அது கொஞ்ச நேரம் நிக்கலாம். வெளிக் கம்பி வலைக்குள்ளால காய்ஞ்ச ஈர்க்குத் துண்டு ஒண்டை ஃபான் இறகில முட்டுக் குடுத்து, வெளியில நிண்டே விட்டு விட்டு ஊதுங்கோ. ஈர்க்கை இறகுக்கு அங்கால தள்ளவேண்டாம்.

கடலோரம்:

மின்குமிழ் அண்ணை சொன்னது காய்ஞ்ச தூசிக்குச் சரி. பருத்தித்துறை, குருநகர், தீவுப்பக்கம் மாதிரிக் கடலுக்குக் கிட்ட இருக்கிறவைக்கு அது காணாது. உப்பு ஈரத்தை இழுக்கும், அதால தூசி பசை மாதிரி ஒட்டிக் கறுத்து நிக்கும். குசினிக்குப் பக்கத்து அறை, நுளம்புத்திரி கொளுத்திற அறை, சாமி அறையில சாம்பிராணி போடுற வீடு, எல்லாத்திலயும் இதே பிரச்சினைதான். இந்தத் தூசியைப் புளோவர் அசைக்காது. அதுக்கு ஐசோபுறோப்பைல் அல்ககோல் வேணும், 90 வீதத்துக்கு மேல, 99 கிடைச்சா நல்லது. பாமசியில குடுக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிறிற் வேண்டாம், அதில தண்ணியும் சிலதில எண்ணெய்ச் சேர்க்கையும் இருக்கும். பஞ்சுக்குச்சியை நனைச்சுப் பிழிஞ்சிட்டு ஃபான் இறகுகளையும் பெட்டியின்ர துளைகளையும் துடையுங்கோ. போட்டுக்கு எண்டா மெல்லிய பிறஷ்ஷைத்தான் நனைக்க வேணும், பஞ்சு போட்டில கொழுவி நார் விடும். அரை மணித்தியாலம் ஃபானுக்குக் கீழ காய விட்டிட்டுப் பூட்டுங்கோ.

பெட்டி திறந்தது திறந்ததுதானே, றாமையும் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ. பொன்னிறக் கோடுகள் மங்கியிருந்தா வெள்ளை அழிறப்பரால ஒரே திசையில மெல்ல உரசுங்கோ. தூளைப் பெட்டிக்கு வெளியில தட்ட வேணும், சிலொட்டுக்குள்ள விழுந்தா அதுவே புதுப் பிரச்சினை. அரத்தாள் மட்டும் போடாதேங்கோ, பொன் பூச்சு மைக்கிரோன் கணக்கில கூட இல்லாத தடிப்பு, போனாத் திரும்ப வராது. பூட்டேக்க நடு வெட்டு நேரா வருதோ எண்டு பாத்து, இரண்டு முனையையும் டிக் எண்டு கொக்கி விழுமட்டும் அமத்துங்கோ.

செம்பாட்டான்:

இரண்டு பேருக்கும் நன்றி. பிறஷ்ஷும் புளோவரும் வாங்கியாச்சு. ஹீற்சிங்கை (புறொசெசரின்ர சூட்டை இழுக்கிற உலோகத் தகட்டுக் கட்டை) ரோச் அடிச்சுப் பாத்தா, ஃபான் இறகுக்குக் கீழ தகடுகளுக்கு மேல தூசி ஒரு பாய் மாதிரி விரிஞ்சு கிடக்குது, தகடு கண்ணுக்குத் தெரியேல்லை. ஃபானை மட்டும் தனியாக் கழட்டச் ஸ்குறூ ஒண்டும் காணேல்லை. முழுசாக் கழட்டினா, புறொசெசருக்கும் அதுக்கும் இடையில பூசிற சூடு கடத்திற பேஸ்ற் மாத்த வேணுமாம். கழட்டாமல் விடலாமோ?

மின்குமிழ்:

உங்கட 62 பாகைக்கும் 99க்கும் காரணம் அந்தப் பாய்தான், பெட்டியில மிச்ச இடத்துத் தூசி இல்லை. பெட்டி பளபளக்க அந்தப் பாயை விட்டா ஒரு பாகையும் குறையாது.

அந்த வகையில ஃபான் சட்டமும் நாலு காலும் ஒண்டாகத்தான் வரும், ஃபானை மட்டும் எடுக்கப் போனாப் பிளாஸ்ரிக் கொக்கிதான் உடையும். முதல் கழட்டாமல் பாருங்கோ: மெல்லிய ஓவியப் பிறஷ் ஒண்டை இறகுக்கு இடையால விட்டுப் பாயைக் கிழியுங்கோ, பிறகு பக்கத்தால ஊதுங்கோ. அந்த ஹீற்சிங்கின்ர தகடுகள் நடுவில இருந்து சுத்திவர விரிஞ்சு நிக்கும், பக்கம் திறந்தது, காத்து மறுபக்கத்தால தூசியைத் தள்ளும். பெரும்பாலும் இது காணும்.

வெளிச்சம் அடிச்சுப் பாத்தும் அடைப்புத் தெரிஞ்சா, அல்லது பூட்டினாப் பிறகும் வேலை செய்யேக்க 90க்கு மேல போனா, கழட்டுங்கோ. நாலு மூலையிலயும் கறுப்பு முளை இருக்கும், தலையில அம்புக்குறி. தட்டை ஸ்குறூட்றைவரால அம்பு காட்டிற பக்கம் கால் சுத்துச் சுத்தி மேல இழுத்தா விடுபடும். ஃபானின்ர வயரை முதல்ல கழட்டுங்கோ. பேஸ்ற் காய்ஞ்சு ஒட்டியிருந்தா நேரா இழுக்காமல் இடம் வலமாத் திருகி எடுங்கோ. ஏஎம்டி புறொசெசரை ஏஎம்4 சொக்கற்றில வைச்சிருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேணும்: நேரா இழுத்தா புறொசெசரே சொக்கற்றில இருந்து ஹீற்சிங்கோட பிடுங்குப்பட்டு வரும், முள்ளு வளையும். கழட்டுறதுக்குக் கொஞ்சம் முதல் பத்து நிமிசம் ஓட விட்டு, நிப்பாட்டி, சூடு ஆற முதல் திருகினாப் பேஸ்ற் இளகி விடும்.

பழைய பேஸ்ற்றை அல்ககோலால இரண்டு பக்கமும் துடைச்சு, நடுவில ஒரு பயறளவு வையுங்கோ. கையால பரவ வேண்டாம், அமத்திற அமத்தலே பரவும். கூட வைச்சா நல்லம் எண்டு அப்பினா, பிதுங்கி வழிஞ்சு போட்டில நிக்கும், குளிர்ச்சி ஒண்டும் கூடாது. திரும்பப் பூட்டிறதிலதான் கனபேர் வழுக்கிறவை. முளைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைச்சிட்டு, மூலைவிட்டமா இரண்டிரண்டா அமத்த வேணும், ஒவ்வொண்டும் டிக் எண்ட சத்தம். பிறகு போட்டின்ர பின்பக்கத்தை ரோச் அடிச்சுப் பாருங்கோ: நாலு ஓட்டையிலயும் வெளிறின பிளாஸ்ரிக் கால் வெளிய வந்து, அதுக்கு நடுவில கறுப்பு முளை நிக்க வேணும். ஒண்டு வராட்டியும் ஹீற்சிங் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்கும், போட்ட சில நிமிசத்தில திரும்ப 99.

நாலாம் தலைமுறை 100 பாகைக்குக் கிட்ட வரேக்கதான் தன்ர வேகத்தைத் தானே குறைக்கும். அதைத்தான் நீங்கள் வேலை இழுபடுது எண்டு சொல்லுறியள். அறை 32 பாகை எண்டா, துப்பரவாக்கினாப் பிறகு சும்மா இருக்கேக்க 40 இலிருந்து 48க்குள்ள, எடிற் பண்ணேக்க 85க்குள்ள நிண்டாச் சரி. கொழும்பில ஏசி அறைக்குள்ள இருக்கிறவன்ர கணக்கைப் பாத்துப் பயப்படவேண்டாம். அறைச் சூடு எவ்வளவு கூடுதோ, அவ்வளவு இதிலயும் கூடும்.

கரண்ட்காரன்:

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்ப்பு. பிளக்கைப் பூட்டி, சுவிச்சை மட்டும் நிப்பாட்டினா எர்த் கிடைக்கும், நிலைமின்னுக்குப் பாதுகாப்பு எண்டு வீடியோக்களில சொல்லுவினம். எங்கட பழைய வீடுகளில அதை நம்பேலாது. உருண்டைப் பின் மல்ரி பிளக், இரண்டு பின் அடப்ரர் எண்டு போனா எர்த் அங்கயே அறுந்துபோகும். சோதிக்கச் சுகமான வழி: பெட்டி ஓடேக்க பின் தகட்டில புறங்கையை வைக்கேக்க மெல்லக் கிறுகிறுக்குதோ? அப்ப எர்த் இல்லை. பவர் சப்ளையின்ர வடிகட்டிக் கப்பாசிற்றர்களால தகடு கிட்டத்தட்டப் பாதி வோல்ற்றில மிதக்குது. மின்னோட்டம் சிறிசு, ஆளை அடிக்காது, ஆனா யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வயர் பூட்டேக்க அதைப் பூட்டிற வாய் கருகிறதுக்கு அது காணும். 13 அம்பியர் சதுரப் பின்னோட நேரா எர்த் உள்ள சொக்கற்றில பூட்டுங்கோ. துப்பரவுக்கு மட்டும் பிளக்கை முழுசாக் கழட்டுங்கோ.

கடலோரம்:

பூட்டினாப் பிறகு திரை வராட்டி உடன கடைக்கு ஓடவேண்டாம். மொனிற்றர் வயர் கிராபிக்ஸ் காட்டிலயோ மதர்போட்டின்ர வாயிலயோ எண்டு முதல்ல பாருங்கோ, தனிக் காட் உள்ள பெட்டியில காட்டிலதான் பூட்ட வேணும். அது சரியெண்டா றாமை ஒண்டொண்டாக் கழட்டிப் பூட்டுங்கோ, பிறகு புறொசெசருக்குக் கிட்ட வாற 4 அல்லது 8 முள் பவர் வயர், காட்டின்ர பவர் வயர். திரை வந்து டிஸ்க் இல்லை எண்டு சொன்னா டிஸ்க்குக்குப் போற சாற்றா வயர் இளகியிருக்கு. ஃபான் சுத்தேக்கக் கறகற எண்டா ஏதோ வயர் இறகில முட்டுது, நிப்பாட்டிக் கட்டிவிடுங்கோ. திகதி பழையதுக்குப் போய் நிண்டா சீஆர்2032 பற்றறி முடிஞ்சிருக்கு, ரூபாய் கொஞ்சம்தான்.

பக்கத் தகட்டைத் திறந்து வைச்சாக் குளிரும் எண்டு விடாதேங்கோ. முன் ஃபான் இழுத்துப் பின் ஃபான் தள்ளுற ஓட்டம் குழம்பும், சோளகத்தில மண் நேரா உள்ளுக்கு வரும். முன் ஃபானுக்கு மட்டும் காந்த ஓரம் உள்ள வலை வடிகட்டி போடுங்கோ, மாதம் ஒருக்காத் தண்ணியில அலசி முழுசாக் காய வைச்சுப் பூட்டலாம். பழைய சாரித் துண்டு, நுளம்பு வலை இரண்டு மடிப்பு எண்டு கட்டிறவையும் இருக்கினம். துணி நெருக்கமெண்டாக் காத்தே வராது. பெட்டியை நிலத்தில வைக்காமல் ஒரு அடி உயரத்தில வைச்சா, கூட்டேக்க எழும்பிற தூசி குறைவாத்தான் உள்ளுக்குப் போகும்.

பின் பக்கத்தில காட் இல்லாத சிலொட்டுகளுக்கு மூடித் தகடு இருக்கோ எண்டும் பாருங்கோ. அந்த இடைவெளியாலதான் பல்லி உள்ளுக்குப் போறது. சூட்டுக்குப் போட்டில படுக்கும், எச்சம் போட்ட இடம் பச்சையாப் பூக்கும். மூடித் தகடு இல்லாட்டி அலுமினியத் தாள் ஒட்டாதேங்கோ, அது கழண்டு போட்டில விழுந்தா ஷோர்ட். தடிச்ச பிளாஸ்ரிக் துண்டை வெட்டி வெளியால ரேப் போட்டு ஒட்டுங்கோ.