நாமக்கல் முட்டையும் வாழப்பாடி மரவள்ளியும் உள்ளூர் உணவுதானா?

அஸ்தம்பட்டி வாசகி:

வணக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், அதற்கு மூட்டை மூட்டையாக யூரியா, வாரம் தவறாமல் பூச்சிமருந்து என்று நடக்கும் வேளாண்மையிலிருந்து எங்கள் சமையலறையையாவது விலக்கி வைக்கலாம் என்ற எண்ணத்தில், இயன்றவரை சேலத்தைச் சுற்றி ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் விளைந்ததையே வாங்குவது என்று வீட்டில் முடிவு செய்தோம். நாசிக் வெங்காயத்தையும் வாஷிங்டன் ஆப்பிளையும் விடுவது கடினமாக இல்லை. தட்டுவடை செட்டில் வைக்கும் கேரட் துருவலுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறோம். அதையும் விட்டுவிட்டுச் சேலத்தில் எதற்குக் குடியிருப்பது என்று என் மகன் கேட்கிறான்.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. நாங்கள் வகுத்த எல்லைக்குள் மிக எளிதாகக் கிடைப்பவை நாமக்கல் முட்டை, பிராய்லர் கோழி, மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஆலையில் செய்யும் ஜவ்வரிசி ஆகியவை. கூண்டில் அடைத்த கோழியும் ஆலைக்கென்றே விளையும் கிழங்கும் எந்தக் கேட்டை விட்டு விலக நினைத்தோமோ அதன் நேர் வடிவங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன. அருகில் விளைந்தது என்ற ஒரே தகுதிக்காக இவற்றை வாங்கலாமா? கூடாதென்றால், தூரத்தை அளவுகோலாக வைத்ததில் என்ன பயன்?

வாழப்பாடி விவசாயி:

நான் மரவள்ளி போடுகிறவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அம்மா. எங்கள் கிழங்கு அடுப்படிக்குப் போவதில்லை, ஆலைக்குப் போகிறது. அங்கே ருசியையோ பதத்தையோ யாரும் கேட்பதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். பாயிண்ட் குறைந்தால் டன்னுக்கு வரும் பணமும் அதே கணக்கில் குறையும். ஆகவே எந்த ரகம் பாயிண்ட் கொடுக்கிறதோ அதன் குச்சியையே ஊர் முழுவதும் வெட்டி வெட்டி நடுகிறோம். தேமல் நோய் உள்ள செடியின் குச்சியை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம் என்பது தெரிந்தும், நல்ல குச்சி கிடைக்காத ஆண்டில் வேறு வழி இருப்பதில்லை.

2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் நுழைந்து, எங்கள் பக்கமும் வந்தது. நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். அந்தக் கொத்துக்குள் பூச்சி பதுங்கிக்கொள்வதால் எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே எட்டாது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தக் குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியையும் காப்பாற்றியது. உள்ளூர்ப் பயிரைக் காக்க அத்தனை தூரத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பதை, தூரத்தை மட்டுமே அளந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு ஊரைச் சொல்லுமே தவிர, வயலில் என்ன அடித்தோம் என்பதைச் சொல்லாது. மரவள்ளிக்குள் ஊடுபயிராகச் சின்ன வெங்காயம் போடலாம், வரப்போரம் அவரையும் துவரையும் போடலாம். அவற்றை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தால் அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டுவோம். எங்களை ஆலையோடு கட்டிப்போட்டிருப்பது வாங்குபவர் ஒருவரே என்ற நிலைதான். நீங்கள் ஜவ்வரிசியை விடுவதால் எங்கள் நிலம் மாறிவிடாது. ஜவ்வரிசி அல்லாத ஒன்றை எங்களிடம் தொடர்ந்து வாங்கினால் மாறும்.

ஓமலூர் (ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்):

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. அமெரிக்க உணவைப் பற்றி 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவினால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 83 விழுக்காடு உற்பத்தி நிலையிலேயே வெளியாகிறது என்றும், உற்பத்தியாளரிடமிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணத்தின் பங்கு 4 விழுக்காடுதான் என்றும் கண்டார்கள். அந்த எண்களை அப்படியே நம் மாவட்டத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அளவுக்கு மீறிப் போட்ட யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது எல்லா ஊருக்கும் பொது. லாரி எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட வயலில் என்ன நடந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

முட்டையைப் பொறுத்தவரை, அது நாமக்கல்லில் இடப்பட்டாலும் கோழி தின்ற மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் பெரும்பங்கு வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. ஆக, அது உள்ளூர் முட்டை என்பதே பாதி உண்மை. வேறு மருந்து பலிக்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாதென்று நடுவண் அரசு 2019-இல்தான் தடை விதித்தது. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் முறையில் மருந்து எங்கெல்லாம் புகுந்துவிடுகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அருகில் வாங்குவதில் உள்ள உண்மையான நன்மை, விளைவித்தவரை நேரில் கேட்க முடியும் என்பதுதான். 1999-இல் உழவர் சந்தைகளைத் தொடங்கியபோது, உழவர் அட்டை உள்ளவர் மட்டுமே தரகில்லாமல் விற்கலாம் என்று விதி வைத்தார்கள். சூரமங்கலத்திலோ தாதகாப்பட்டியிலோ காலையில் போய், கத்திரிக்காய் விற்பவரிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று கேளுங்கள். காய்த்துளைப்பானுக்குப் பயந்து, பறிப்பதற்கு முந்திய நாள்கூட மருந்து அடிக்கும் பயிர் அது. ஏன் அடிக்கிறார் என்றால், ஒரேயொரு துளை விழுந்த காயைக்கூட நாம் கூடையிலிருந்து ஒதுக்கித் தள்ளுகிறோம். துளை விழுந்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன், மருந்தைக் குறையுங்கள் என்று சொல்லும் வாடிக்கையாளர் பத்துப் பேர் கிடைத்தால் அவர் கேட்பார். வெட்டிப் பார்த்து, கெட்ட பகுதியை எறிவது நம் பாட்டிமார் அன்றாடம் செய்த வேலைதானே!

ஒன்றை மறக்க வேண்டாம். திருமணிமுத்தாற்றில் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து ஓடும் பகுதிகளில் அந்த நீரைப் பாய்ச்சி வளர்த்த கீரை, உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் விளைந்தாலும் வாங்கத் தக்கதன்று. எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள்.

நாகலூர் மலைவாசி:

ஏற்காட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்திலேயே ஏறும் மிளகு, இடையிடையே பலா, கொய்யா, பட்டர் ஃப்ரூட் என்று ஒரே நிலத்தில் பல அடுக்காக விளைகிறது. ஆனால் காப்பி கொட்டையாகவே மலையிறங்கி வெளியூருக்குப் போய்விட, சுற்றுலா வருபவர் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புகிறார். சிறு தோட்டக்காரரிடமும் மலையாளிப் பழங்குடி மக்களிடமும் மிளகையும் கொட்டையையும் நேரே வாங்கி, கீழே வறுத்து அரைத்துக்கொள்ளலாம். மிளகும் காப்பிக்கொட்டையும் கெடாத பொருள்கள் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி வைத்தாலே போதும். வாரந்தோறும் மலையேறினால் பெட்ரோல் செலவே எல்லா நன்மையையும் தின்றுவிடும்.

அஸ்தம்பட்டி வாசகி:

அனைவருக்கும் நன்றி. முட்டையை நாட்டுக்கோழி வளர்ப்பவரிடம், குறைந்த அளவில் வாங்கிக்கொள்கிறோம். அரிசிதான் மிச்சம். எங்கள் வீட்டுப் பொன்னி எந்த ஊர் நெல் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

ஓமலூர் (ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்):

சேலம் பெரும்பாலும் மானாவாரி மாவட்டம், அம்மா. மூன்று வேளையும் அரிசி என்பது இந்த மண்ணின் வழக்கமே அன்று. இரவு உணவை மட்டும் ராகிக் களிக்கோ கம்பஞ்சோற்றுக்கோ மாற்றி, கூடவே கொள்ளு ரசமும் கீரைக் கடைசலும் வைத்துப் பாருங்கள். சாமையிலும் தினையிலும் தொடங்க வேண்டாம். அவற்றின் உமியை நீக்க ஏற்ற இயந்திரம் வேண்டும், அது எல்லா மில்லிலும் இருக்காது. ராகியைக் கல் நீக்கிக் காயவைத்து எந்த மாவு மில்லிலும் அரைக்கலாம். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் களத்திலேயே மூட்டையாகப் பேசி முடித்துவிடுங்கள். வாழப்பாடி நண்பர் தம் பக்கத்தில் யார் ராகி போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

வாழப்பாடி விவசாயி:

விசாரிக்கிறேன் ஐயா. மானாவாரியில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை என்றால் யாரும் அசைய மாட்டார்கள். அம்மா தெருவில் நாலைந்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால் விதைப்புக்கு முன்பே பேசி வைக்கலாம்.