இருவழி அட்டவணையில் எதை எதால் வகுப்பது?

வணக்கம். மகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன், யாராவது கைகொடுங்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கணக்கு, பாடங்களில் அடிக்கடி வரும் அந்த 2201 பேர் அட்டவணைதான்: நிரைகளில் (குறுக்கே) பயண வகுப்பு, நிரல்களில் (மேலிருந்து கீழே) பிழைத்தார்களா இல்லையா. முதல் வகுப்பில் 325 பேர், பிழைத்தவர்கள் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர்கள் 178. எல்லா வகுப்பும் கப்பல் ஊழியர்களும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 711.

இந்த 203ஐ 2201ஆல் வகுத்தால் 9.2%, 711ஆல் வகுத்தால் 28.6%, 325ஆல் வகுத்தால் 62.5%. மூன்றுமே சார்பு நிகழ்வெண்தானாம், அதாவது ஒரு எண்ணிக்கை ஒரு மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது! சரி, பணக்காரர்கள் அதிகம் பிழைத்தார்களா என்று பார்க்க எது? நிரையின் கூட்டுத்தொகையால், அதாவது அந்தந்த வகுப்பின் மொத்தத்தால் வகுக்க வேண்டும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் 711ஆல் வகுத்தால் மூன்றாம் வகுப்புக்கு 25% வந்து இரண்டு வகுப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லாதது போல ஆகிவிடுகிறது. (706ஆல் வகுத்தாலும் 25.2% வருகிறது, அதில் வேறு கொஞ்ச நேரம் குழம்பினேன்.)

அப்புறம், 'பிழைத்தவர்களில்', 'முதல் வகுப்பினரில்' என்று கேள்வியில் 'இல்' ஒட்டிய சொல்தான் வகுக்கும் எண் என்கிறாள் மகள். பரீட்சையில் இதை நம்பலாமா? எங்கே சறுக்கும்?