மினியாபொலிஸ்ல ஃபால் சீசன்: ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போகலாம்?

கும்மோணத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பிளைமவுத்ல இருக்கோம், மினசோட்டா வந்து ரெண்டு வருஷம் ஆகுது. செப்டம்பர் கடைசில அப்பா அம்மா கும்பகோணத்துல இருந்து வர்றாங்க, முதல் தடவை, நவம்பர் நடுவுல கிளம்பிடுவாங்க. அதாவது அவங்க பார்க்கப் போற அமெரிக்காவே, இலை எல்லாம் கலர் மாறி உதிர்ற இந்த ஃபால் சீசன் மட்டும்தான். போன வருஷம் நாங்க சரியா விசாரிக்காம அக்டோபர் கடைசி வாரத்துல வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரைல இருக்கற லுட்சன் வரைக்கும் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போனோம், போய்ப் பார்த்தா மேப்பிள் மரம் எல்லாம் மொட்டையா நிக்குது, பையன் பின் சீட்ல தூங்கிட்டான், நானும் அவரும் ஒண்ணும் பேசாமயே திரும்பி வந்தோம். இந்த தடவை அப்படி ஆகிடக்கூடாது.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி, அரை மணி நேரத்துக்கு மேல நடக்க முடியாது, படி ஏறவே வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்கார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பா அதுக்கு நேர் எதிர், காலைல எழுந்தா மகாமகக் குளத்தை நாலு சுத்து சுத்தாம காபி குடிக்க மாட்டார். பையனுக்கு 5 வயசு. இவங்க மூணு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி இடம் சொல்லுங்க. கலர் எப்போ உச்சத்துல இருக்கும், ஆப்பிள் தோட்டம் பெரியவங்களுக்கு சரிப்படுமா, அக்டோபர் மூணாவது வாரம் எம்இஏ லீவுல வியாழன் வெள்ளி ஸ்கூல் கிடையாது, அப்போ அதே ஏரிக்கரைல இருக்கற டுலூத் போகலாமா, எல்லாமே கேக்கணும். நவராத்திரிக்கு வீட்ல சின்னதா கொலுவும் வைக்கறோம், அதனால எல்லா வாரக்கடைசியும் கிடைக்காது.

ஏரிக்கரைவாசி எழுதியது:

தங்கச்சி, நான் இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆச்சு, என் அப்பா அம்மா மாமனார் மாமியார்னு நாலு பேரையும் இதே சீசன்ல கூட்டிட்டு சுத்திருக்கேன், அதனால சொல்றேன், தூரமா போகணும்னு தவிக்காதீங்க. அம்மா முழங்கால் வலியோட நாலு மணி நேரம் காருக்குள்ள உக்காந்திருக்கறதுதான் நடக்கறதை விட கஷ்டம். நம்ம ஊருக்குள்ளயே செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு அக்டோபர் நடு வரைக்கும் நல்லா இருக்கும். ஓக் மரம் அதுக்கு அப்புறமும் காப்பிப்பொடி கலர்ல நிக்கும்.

முதல்ல சாஸ்காவுல இருக்கற லேண்ட்ஸ்கேப் ஆர்போரேட்டம். மினசோட்டா யுனிவர்சிட்டியோட தோட்டம், 1,200 ஏக்கருக்கு மேல. அங்க த்ரீ மைல் டிரைவ்னு ஒரு ரோடு இருக்கு, காரை விட்டு இறங்காமயே மெதுவா ஓட்டிட்டுப் போகலாம், நடுநடுவுல நிறுத்தி அம்மா பெஞ்சுல உக்காரலாம், அப்பா அதுக்குள்ள ஒரு சுத்து நடந்துட்டு வந்துடுவார். டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க, அதுவும் வார நாளா பாருங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க கார் வரிசைல நிக்கறதுலயே பாதி நாள் போயிடும்.

அப்புறம் மின்னஹாஹா அருவி. 53 அடிதான், குத்தாலத்தைப் பார்த்தவங்ககிட்ட அருவின்னு பெருசா சொல்லிக்க வேண்டாம், ஆனா சுத்தி மரமெல்லாம் மஞ்சளா நிக்கும்போது அந்த தண்ணி விழற அழகே வேற. மேல இருந்து பார்க்கறதுக்கு சமதரையான பாதை இருக்கு, கீழ இறங்கத்தான் படி, அம்மா மேலயே நின்னு பார்க்கட்டும். அங்க இருந்து அப்படியே மிசிசிப்பி ஓரமா ரிவர் ரோட்ல வந்து, பாலம் தாண்டி செயின்ட் பால் சம்மிட் அவென்யூ வழியா ஓட்டுங்க, பழைய காலத்து பெரிய பெரிய வீடுங்க, ரெண்டு பக்கமும் மரம். ஆனா அக்டோபர் முதல் ஞாயிறு மட்டும் அந்தப் பக்கம் கார் எடுக்காதீங்க, மாரத்தான் ஓட்டம், ஏரிக்கரை ரோடு, சம்மிட் எல்லாம் அடைச்சிருப்பாங்க. காரை வேற எங்கயாவது விட்டுட்டு ஓரமா நின்னு கை தட்டலாம், என் மாமனார் கை வலிக்கற வரைக்கும் தட்டினார், முன்னப்பின்ன தெரியாத ஆளுங்களுக்கு.

கலர் எப்பன்னு தேதி பார்த்து முடிவு பண்ணாதீங்க. பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்கு குளிர், இது நாலஞ்சு நாள் தொடர்ந்து வந்தா மேப்பிள் சிவப்பு ஏறும். ஒரு ராத்திரி பலமா காத்தும் மழையும் அடிச்சா காலைல எல்லாம் தரைல கிடக்கும். டிஎன்ஆர், அதான் மாநில இயற்கை வளத் துறை, வெப்சைட்ல ஃபால் கலர் மேப் இருக்கு, ஸ்டேட் பார்க்ல வேலை பார்க்கறவங்களே வாராவாரம் வியாழக்கிழமை அப்டேட் பண்றாங்க, அதைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுங்க. ஸ்டேட் பார்க்குக்கு வண்டி பாஸ் வேணும், அடிக்கடி போறதா இருந்தா வருஷ பாஸ் வாங்கிடுங்க.

டுலூத்தான் எழுதியது:

அண்ணா சொன்னது சரிதான், ஆனா டுலூத்தை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க அக்கா, நான் இங்கதான் இருக்கேன். உங்க போன வருஷ பிரச்சினை என்னன்னா இங்க உச்சம் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. கரையை விட்டு உள்ள மலைமேல இருக்கற மேப்பிள் செப்டம்பர் கடைசிலயே சிவந்து கொட்டிடும். கரையோரமா இருக்கற பர்ச், ஆஸ்பென் மரமெல்லாம் அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு மஞ்சளாகும். நீங்க வந்தப்போ ரெண்டுமே முடிஞ்சிருக்கும். எம்இஏ லீவுல வந்தா மலைமேல மேப்பிள் கண்டிப்பா இருக்காது, அதை நம்பி வராதீங்க. அப்போ டாமரேக்னு ஒரு மரம் இருக்கு, ஊசியிலை மரம்தான் ஆனா பொன் கலருக்கு மாறி இலையை உதிர்த்துடும், அதைப் பார்க்கலாம்.

உங்க அப்பா அம்மா வந்த உடனே செப்டம்பர் கடைசில ஒரு நாள் முடிஞ்சா ஹாக் ரிட்ஜ் கூட்டிட்டு வாங்க. கனடா பக்கத்துல இருந்து தெக்கே போற பருந்துங்க சுப்பீரியர் ஏரியைத் தாண்ட யோசிச்சு கரையை ஒட்டியே வரும், அதனால எல்லாம் டுலூத் மேல வந்து குவியும். 2003 செப்டம்பர் 15 அன்னிக்கு ஒரே நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல எண்ணிருக்காங்க. கூட்டம் கூட்டமா வர்றது செப்டம்பர் நடுவுலதான், ஆனா நவம்பர் வரைக்கும் ஏதாவது ஒண்ணு பறந்துகிட்டேதான் இருக்கும். ரோடு ஓரமாவே நின்னு பார்க்கற இடம், மலை ஏற வேண்டியதில்ல, ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வந்தா அம்மா உக்காந்தே பார்க்கலாம். காத்து வடமேற்கா அடிக்கற நாளா பாருங்க, தெக்கு காத்துல ஒண்ணும் வராது.

ரூம் மட்டும் இப்பவே போடுங்க. நான் வந்த புதுசுல செப்டம்பர் கடைசி சனிக்கிழமைக்கு ஒரு லாட்ஜ்ல புக் பண்ணி, அவங்க ரெண்டு பேருக்கு ஒரே ரூமைக் கொடுத்துட்டாங்க, ராத்திரி 10 மணிக்கு குழந்தையை வச்சுகிட்டு வேற இடம் தேடி அலைஞ்சேன், எங்கயும் இல்ல. மினியாபொலிஸ்ல இருந்து ரெண்டரை மணி நேரம்தான், காலைல கிளம்பி ராத்திரி திரும்பிடறதுகூட நல்லது.

கும்மோணத்துக்காரி எழுதியது:

ரெண்டு உச்சம் இருக்குன்னு இப்பதான் தெரியுது தம்பி, ரொம்ப நன்றி. வடமேற்கு காத்துன்னு அப்பாகிட்ட சொன்னா போதும், தினமும் வானிலை பார்க்க ஆரம்பிச்சிடுவார். ஆப்பிள் தோட்டம் பத்தி யாராவது சொல்லுங்களேன். சைடர்னு போட்டிருக்கே, அது மதுவா?

மேப்பிள்குரோவ் மாமி எழுதியது:

இல்லம்மா, தோட்டத்துல விக்கற ஆப்பிள் சைடர் வெறும் ஆப்பிள் சாறுதான், வடிகட்டாம கலங்கலா இருக்கும். ஹார்ட் சைடர்னு போட்டிருந்தாத்தான் மது. எங்க அப்பா சாராயம்னு நெனச்சு கோப்பையைத் தொடவே இல்ல, நான் குடிச்சுக் காமிச்ச அப்புறம்தான் ஒரு வாய் குடிச்சார். சைடர் டோனட்ல பெரும்பாலும் முட்டை இருக்கும், அம்மாவுக்கு வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ.

அம்மாவால பறிக்க முடியுமான்னா நல்லாவே முடியும். இப்ப வர்ற மரமெல்லாம் குட்டை ரகம், இடுப்பு உயரத்துலயே காய்ச்சுத் தொங்கும். இழுக்கக் கூடாது, உள்ளங்கைல பழத்தை ஏந்தி மேல தூக்கி லேசா திருகினா காம்போட கைல வந்துடும், இழுத்தா அடுத்த வருஷ மொட்டும் சேர்ந்து பிஞ்சுடும். பையனுக்கு இதை முதல்லயே சொல்லிக் குடு. டிராக்டர் பின்னாடி வைக்கோல் வண்டி சவாரி வேண்டாம், ஏறற படி உசரம், குலுங்கும். சோளக்காட்டு வழிதேடற விளையாட்டும் அம்மாவுக்கு ஆகாது, மழை பெஞ்சிருந்தா சேறு, உள்ள போனா சீக்கிரம் வெளிய வர முடியாது. அப்பாவும் பையனும் போகட்டும்.

ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் வேணும்னா செப்டம்பர் நடுவுலயோ கடைசிலயோ போயிடு, எம்இஏ லீவு வரைக்கும் மரத்துல இருக்காது. அது நம்ம யுனிவர்சிட்டி உருவாக்கின ரகம், 1991ல வெளிய விட்டாங்க, முதல் மரத்தை வேண்டாம்னு கழிச்சுக்கட்ட குறிச்சு வச்சிருந்தாங்களாம், டேவிட் பெட்ஃபோர்டுன்னு ஒரு விஞ்ஞானிதான் அதைக் காப்பாத்தினார், இப்ப மினசோட்டாவோட மாநிலப் பழமே அதுதான். ஆனா நான் வாங்கறது ஹாரல்சன். அதுவும் இங்கத்த ரகம்தான், 1922ல வந்தது, நல்ல புளிப்பு, கெட்டி. மாங்கா மாதிரி தோலோட துருவி நல்லெண்ணெயில தொக்கு கிளறினா யாரும் ஆப்பிள்னு கண்டுபிடிக்க மாட்டாங்க. துருவின உடனே அடுப்புல போட்டுடணும், கறுத்துடும். தண்ணி நிறைய விடும், பொறுமையா எண்ணெய் பிரியற வரைக்கும் கிளறு. உப்பு, மஞ்சப்பொடி, மிளகாப்பொடி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம், பெருங்காயம், அவ்ளோதான்.

அதே மாதிரி வாசல்ல வைக்க வாங்கற பெரிய ஆரஞ்சு பூசணியைக் கூட்டு பண்ணிடாதே, நாரும் தண்ணியுமா ருசியே இருக்காது. கபோச்சாவோ பட்டர்கப்போ வாங்கு, நம்மூர் பரங்கிக்காய் ருசிக்கு கிட்ட வரும். கொலு சமயத்துல மேப்பிள்குரோவ் கோவிலுக்கும் ஒரு சாயங்காலம் கூட்டிட்டு வா, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கும், அதுதான் அவங்களுக்கு ரொம்ப வேணும்.

அனோகா அப்பா எழுதியது:

ஹாலோவீன் பத்தி யாரும் சொல்லல. கண்டிப்பா காட்டுங்க. மினியாபொலிஸுக்கு வடக்கே 20 மைல்ல எங்க அனோகா, உலகத்தோட ஹாலோவீன் தலைநகரம்னு பேரு. அந்தக் காலத்துல ஹாலோவீன் ராத்திரி பசங்க அட்டகாசம் தாங்காம, மாட்டை எல்லாம் அவுத்து மெயின் ஸ்ட்ரீட்ல விட்டுடுவாங்களாம், அதுக்காகவே ஊர்க்காரங்க சேர்ந்து 1920ல ஊர்வலம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் அக்டோபர் கடைசில பெரிய ஊர்வலம் நடக்குது. சீக்கிரம் வந்து நாற்காலி போட்டுட்டா அம்மா உக்காந்த இடத்துலயே எல்லாம் பார்க்கலாம், நம்மூர் தேர் வர்ற மாதிரி அவங்க முன்னாடியே வரும். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் 2023ல 2,749 பவுண்டுக்கு பூசணிக்காய் விளைவிச்சு அப்போ உலக சாதனை பண்ணார், இதை உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவார்.

துணி விஷயத்துல கவனமா இருங்க. 2023 மாரத்தானை வெயில் அதிகம்னு நிறுத்திட்டாங்க, 1991 ஹாலோவீன்ல இதே ஊர்ல 28 இன்ச்சுக்கு மேல பனி கொட்டுச்சு. அக்டோபர் ஆரம்பத்துல காலைல 45 ஃபாரன்ஹீட், மத்தியானம் 65, அதனால ஒண்ணு மேல ஒண்ணா போட்டு கழட்டற மாதிரி இருக்கணும். காது மூடற குல்லாயும் சாக்ஸும்தான் முக்கியம், ஊர்ல இருந்து வர்றவங்க ஸ்வெட்டர் கொண்டு வருவாங்க, செருப்போட வந்துடுவாங்க. நவம்பர் ஆரம்பத்துல துப்பாக்கி மான் வேட்டை ஆரம்பிச்சுடும், அப்பா காட்டுப் பாதைல நடக்கறதா இருந்தா பளிச்சுன்னு ஆரஞ்சு கலர் சட்டை போட்டுதான் போகணும், இதுல அலட்சியம் வேண்டாம்.

கும்மோணத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். அப்பா அம்மா வந்து மூணு வாரம் ஆச்சு. ஆர்போரேட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம், ஒரு மேப்பிள் மரத்தடில அம்மா இறங்கி நின்னாங்க, காத்து அடிச்சப்போ இலை எல்லாம் தலைமேல புடவைமேல விழுந்துச்சு, தட்டி விடவே இல்ல. ஒரு இலையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, நரம்பு மட்டும் இன்னும் பச்சையா இருக்குடின்னு காட்டினாங்க. நான் ரெண்டு வருஷமா பார்க்கறேன், அதை கவனிச்சதில்ல. அதைக் கொண்டு வந்து கொலுப்படில மரப்பாச்சி பக்கத்துல வச்சாங்க.

ஸ்டில்வாட்டரும் போனோம், 1931ல கட்டின லிஃப்ட் பிரிட்ஜ்ல இப்ப கார் கிடையாது, நடக்கறவங்களும் சைக்கிளும்தான். அப்பா அதுல நடந்தே பக்கத்து மாநிலம் விஸ்கான்சின் போயிட்டு வந்துட்டார், அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னார். ஹாக் ரிட்ஜ் மட்டும் முடியல, நாங்க கிளம்பற அன்னிக்கு மழை.

இப்ப வீட்டு முன்னாடி விழுந்த இலையை அம்மா தினமும் காலைல வாசல் பெருக்கற மாதிரி கூட்டிடறாங்க, குனிய வேண்டாம்னு நீளக் கைப்பிடி வச்ச ரேக் வாங்கிக் குடுத்திருக்கேன். எரிக்க முடியாது, மக்கற பையிலதான் கட்டி வைக்கணும்னு புரிய வைக்கறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

மாமி, ஹாரல்சன் பத்து பவுண்டு வாங்கிட்டு வந்துட்டோம். துருவினா ஒரு பெரிய பாத்திரம் நிறைய வரும்போல, எண்ணெய் எவ்வளவு விடணும்?

மேப்பிள்குரோவ் மாமி எழுதியது:

பத்தையும் ஒண்ணா போடாதே, அடி பிடிச்சுடும். முதல்ல மூணு பவுண்டு துருவி, முக்கால் கப் நல்லெண்ணெய் விடு. குறைஞ்சா நடுவுல காய்ச்சி ஊத்திக்கலாம்.