எங்கள் கரையின் காகங்கள்

காகத்தைப் பார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றால், இராமநாதபுரம் கடற்கரையில் எந்தக் காகம் என்று திருப்பிக் கேட்பார்கள். தனுஷ்கோடிக்குப் பனிக்காலத்தில் வந்து தங்கும் வெள்ளைப் பறவை கடற்காகம். சக்கரக்கோட்டைக் கண்மாயில் மூழ்கி மீன் பிடித்துவிட்டு இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். இவை இரண்டும் காக இனத்தைச் சேர்ந்தவையே அல்ல. கீழக்கரையில் காக்கா என்று அழைத்தால் அண்ணன் திரும்பிப் பார்ப்பார்.

நான் சொல்ல வந்தது கழுத்து சாம்பல் நிறமான ஊர்க்காகத்தைப் பற்றி. பாம்பனில் என் அத்தை கருவாடு போடுகிறார். காரல் மீனை மணலில் பரப்பி, மேலே பழைய வலையைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைப்பார். ஒருநாள் கல் விலகியிருந்த இடத்தில் ஒரு காகம் வலையை அலகால் இழுத்து, இழுத்ததைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபடியும் இழுத்து, இடைவெளி உண்டானதும் தலையை நுழைத்து ஒரு மீனை உருவியது. அதைத் தின்னாமல், சத்தமே இல்லாமல் பறந்துபோய்க் கொட்டகைக் கீற்றின் இடுக்கில் செருகி, மேலே ஓலைத் துணுக்கு ஒன்றையும் வைத்து மூடியது.

கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் பறவை என்றுதான் 527ஆம் குறள் காகத்தைச் சொல்கிறது. அதுவும் பொய்யில்லை. படகு கரையேறி, மீன் கழிவு குவியலாகக் கிடக்கும்போது, முதலில் வந்த காகம் கரைந்து மற்றவற்றை வரவழைப்பதை அதே களத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அள்ளக் குறையாத இரை என்றால் அழைக்கிறது, ஒற்றை மீன் என்றால் ஒளிக்கிறது என்பதே நான் பார்த்த வரையில் என் முடிவு.

இதை இராமேசுவரத்துக்கு வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையெங்கும் சோறு குவிந்துவிடுவதால், பிற்பகலில் வைக்கும் சோற்றைக் காகம் தொடாமல் போவதுண்டு. முன்னோர் ஏற்கவில்லையோ என்று கலங்கி நின்ற குடும்பத்தாரிடம், வயிறு நிறைந்த காகம் எதையும் எடுக்காது, கூட்டம் இல்லாத தெருப்பக்கம் போய் வையுங்கள் என்று சொன்னேன். அங்கே வைத்த சோற்றை இரண்டு காகங்கள் உடனே வந்து எடுத்தன.