சாப்பாட்டு மேசையில் பதிவான குரல்

2016 நவம்பர் 10. கனடியப் பாடகரும் கவிஞருமான லியோனார்ட் கோஹன் இறந்த செய்தி வந்த இரவு, வேலை முடிந்த கையோடு மொன்றியலில் அவர் வீட்டுப் பக்கம் போனேன். போர்த்துக்கல் பூங்காவை ஒட்டிய சாதாரண வீடு. வாசற்படி தெரியாத அளவுக்கு மெழுகுவர்த்தி, பூக்கள். யாரோ ஒரு தொப்பியும் வைத்திருந்தார்கள். அவர் 7ஆம் தேதியே போய்விட்டார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அவருடைய 'யூ வான்ட் இட் டார்க்கர்' ஆல்பம் வெளிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் ஹெட்ஃபோன் மாட்டி முழுதாகக் கேட்டேன். மனுசன் பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. எப்படிப் பதிவு செய்தார்கள் என்று அப்புறம் தேடிப் படித்தேன். முதுகெலும்பில் முறிவுகள், ஸ்டூடியோவுக்குப் போகவே முடியாத வலி. மகன் ஆடம், அப்பாவின் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டையே ஸ்டூடியோவாக்கியிருக்கிறார். நோயாளிகளுக்கான நாற்காலி ஒன்று, சாப்பாட்டு மேசையில் மைக், ஒரு லேப்டாப். அவ்வளவுதான்.

பாடகர் குழு மட்டும் எங்கள் ஊர். அவர் சிறுவயதில் போன யூத ஆலயமான ஷார் ஹஷோமயிம்தான். அவருடைய தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் தலைவர்களாக இருந்த சபை. அவர் அங்கே, இவர்கள் இங்கே. தலைப்புப் பாடலில் ஆலயப் பாடகர் கிடியன் ஸெலர்மையர் 'ஹினேனி' என்று குரலை உயர்த்துவார். கடவுள் அழைத்தபோது ஆபிரகாம் சொன்ன பதில், 'இதோ இருக்கிறேன்' என்று பொருள். அந்த இடம் வரும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவேன்.

நீங்களும் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். நல்ல மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் உதடு பிரியும் சத்தம்கூட விழும். நாங்கள் வழக்கமாக அதையெல்லாம் துடைத்துவிடுவோம். கோஹனின் குரலில் அந்த நெருக்கத்தை அப்படியே விட்டிருப்பது எனக்கு இசையைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்த அமர்வுகளில் மிஞ்சிய குரலைச் சுற்றி ஆடம் இசை சேர்த்து, 2019இல் 'தேங்க்ஸ் ஃபார் தி டான்ஸ்' என்ற ஆல்பம் வந்தது. அதையும் கேளுங்கள்.

போன மாதம் அப்பா தேவாரம் பாடியதை வீட்டு மேசையிலேயே பதிவு செய்தேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன், கதவிடுக்கில் துண்டைச் செருகினேன். இரண்டாவது அடியில் மூச்சு வாங்கி நின்றார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், டம்ளரை மேசையில் வைத்தார். அந்த டம்ளர் சத்தத்தை நான் வெட்டவில்லை.